அறுபது ரூபாய் ஹோஸும் ஐந்து பெரிய டயரும்

ஜாக்கியை ஏற்றிக்கொண்டே இருந்தேன். பின்பக்க வலது சக்கரம் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியதும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துத்தான் வைத்திருந்தேன். ஜாக்கி சாய்ந்தது, டமால் என்று சக்கரம் தரையில் விழுந்தது, வாசல் சரிவில் அதே வேகத்தில் கொஞ்சம் சறுக்கிய ஜீப், அம்மா புழக்கத்தை விட்டு ஓரமாகப் போட்டு வைத்திருந்த ஆட்டுக்கல்லில் முட்டி நின்றது. நல்லவேளை, நான் அடியில் படுத்திருக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் கழித்து நடந்திருந்தால் படுத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு அண்ணனிடம் சொன்னேன். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் டிரைவர் அவர். சிரிக்கக்கூட இல்லை. "ஹேண்ட் பிரேக்கு எங்கய்யா இருக்கு, போய்ப் பாத்தியா?" என்றார். பார்த்ததில்லை. சக்கரத்தில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

என் ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை. இன்ஜின் சக்தியை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன பிரேக் டிரம். அது பிடிப்பது ஷாஃப்டை மட்டும். ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டு இருப்பதால் ஒரு பின்சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் தரையில் இருக்கிற வரை அதற்கு வழியில்லை. ஒன்றை அந்தரத்தில் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் மற்ற சக்கரத்துக்குத் தடையே கிடையாது. கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். முன்சக்கரங்களை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்புகளைப் பூட்டி, நாலு சக்கரமும் இயங்கும் ஃபோர் வீலும் போட்டு கியரில் விட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அதற்கு மேல் முன்னும் பின்னும் கட்டை. அன்றிலிருந்து இரண்டு வேப்பங்கட்டைகள் ஜீப்போடுதான் இருக்கின்றன. ஜாக்கியை நம்பி அடியில் நுழைவதும் இல்லை, ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங்குக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

வண்டி 1993 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. மதுரைப் பதிவு, அப்போது தேனி மாவட்டமே பிறக்கவில்லை. பிரான்ஸின் பெஜோ கம்பெனி வழி வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின், 2,112 சி.சி., புதிதாக இருந்தபோது 62 குதிரை. பெயரில் இருக்கும் 4 சிலிண்டரின் எண்ணிக்கை, 90 சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து மஹிந்திரா பிடித்து வந்த அதே ஏணிச் சட்டம், அதே கமான் பட்டை ஸ்பிரிங். 2013-இல் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கினேன். போடியில் வீடு, மேலே பூப்பாறைப் பக்கம் மாமனார் வழியில் வந்த கொஞ்சம் ஏலக்காய். தார் ரோடு முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறும். மழைக்காலத்தில் நடுவில் ஒரு ஓடை. ஆக, வண்டி எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ள முடிகிறது.

வாங்கிய மூன்றாவது மாதமே தப்புப் பண்ணினேன். படங்களில் பார்க்கிற ஜீப்பெல்லாம் கம்பீரமாக நிற்கிறதே என்று 31 அங்குல டயர் ஐந்து வாங்கினேன். 15 அங்குல ரிம்மும் புதிதாக. டயர் உரசாமல் இருக்க கமான் கட்டை சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக அடித்து மாட்டித் தருகிறோம் என்றது ஒரு பட்டறை, சரி என்றேன். அந்தச் செலவில் பழைய டிரம், சீல், பேரிங் எல்லாவற்றையும் இரண்டு முறை மாற்றியிருக்கலாம். அண்ணன் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிப்பாட்ட வழியில்லாத வண்டிக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய டயரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதலில் தெரிந்தது இழுவை குறைந்தது. பழைய 6.00-16 டயர் 29 அங்குலத்துக்கு ஒட்டி வரும். 31 என்றால் ஏழு சதவீதம் உயரம். அதாவது எல்லா கியரும் ஏழு சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி. 62 குதிரையில் இருபது வருஷத்தில் எத்தனை மிச்சமோ, அதற்கு இது தாங்கவில்லை. போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவதில் ஏறிய இடமெல்லாம் இரண்டாவது கேட்டது. மீட்டர் காட்டும் வேகம் குறைவு, போகும் வேகம் அதிகம். பிரேக் பிடிக்க வேண்டிய டயரின் எடையும் கூடிவிட்டது.

அடுத்தது நடுக்கம். தேனி ரோட்டில் ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் தட்டியது, ஸ்டியரிங் இடமும் வலமும் உதற ஆரம்பித்தது. பிடித்து நிறுத்த முடியவில்லை, விட்டாலும் போய்விடும் போல் இருந்தது. வேகம் இருபதுக்கு வந்த பிறகுதான் அடங்கியது. உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போடச் சொன்னார் ஒருவர். வீல் பேலன்ஸ் என்றார் இன்னொருவர். இரண்டும் செய்தேன். கொஞ்ச நாள் அடங்கி, மறுபடி வந்தது.

டேம்பர் நோயை அமுக்கி வைக்கும், குணமாக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி அண்ணன் காட்டினார். முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின். எனக்கு மிதித்த பிறகும் ஆடியது, இரண்டு பக்கமும்.

இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யக்கூடியது, ஆனால் பலரும் பட்டறையில் விட்டு அரைகுறையாக வாங்கி வருவது. முன் ஹவுசிங்கின் முனையில் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதைச் சுற்றித்தான் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்புகிறது. மேலே ஒரு கிங்பின், கீழே ஒரு கிங்பின், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப்பர் பேரிங். கிங்பின் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும், அவைதான் ஷிம். மூன்று தவ், ஐந்து தவ், பத்து தவ் என்று. ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறைக்காரர்கள் பேசுகிற கணக்கு. ஷிம்மை எடுக்க எடுக்க பேரிங் மேல் இறுக்கம் கூடும். எடுப்பதானால் மேலேயும் கீழேயும் சமமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் நக்கிள் நடு விலகி ஆக்சிலோடு மல்லுக்கு நிற்கும்.

இறுக்கத்தைப் பார்க்கும்போது நக்கிளின் பின்பக்கச் சீலும், இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராடும் கழற்றியிருக்க வேண்டும். சீல் கொடுக்கும் பிடிப்பை பேரிங் இறுக்கம் என்று ஏமாந்துவிடுவோம். நான் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்ப்பது முறை. மீன் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தத் தராசே போதும். இழுக்க ஆரம்பித்ததும் ஒரு சீரான எதிர்ப்போடு திரும்ப வேண்டும். தானாக ஊசலாடினால் தளர்வு.

கீழ்ப் பேரிங்கின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தபோது, நேர் ஓட்டத்தில் உருளைகள் நிற்கும் இடத்தில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. அத்தனை வருஷம் நேராகவே ஓடி, குழிகளில் அடிவாங்கி விழுந்த பள்ளம். அந்த நிலையில் எத்தனை ஷிம் எடுத்தாலும் பயனில்லை. நாலு பேரிங்கும் மாற்றி, ஷிம் சரிக்கட்டி, நீளமாக்கிய ஷாக்கிளைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். நீளமான ஷாக்கிள் ஹவுசிங்கைச் சற்றே உருட்டிவிடும். கிங்பின்னின் பின்சாய்வு குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுக்கும். நடுக்கம் போய்விட்டது. டேம்பரைக் கழற்றிவிட்டும் ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை.

31 அங்குல டயர்களை நஷ்டத்துக்கு விற்றேன். ரிம்மை வைத்துக்கொண்டு 235/75 ஆர் 15 போட்டேன். அதன் உயரம் கிட்டத்தட்ட 29 அங்குலம், பழைய டயருக்குச் சமம். இது 2015 கடைசியில்.

பிரேக் கதை இன்னும் மோசம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் பாதி இறக்கத்தில் வண்டி இடது பக்கம் இழுத்தது. வீட்டுக்கு வந்து பின் டிரம்களைக் கழற்றினால், வலது பக்க ஷூ கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது என்று புதிது போட்டேன், ஷூவும் மாற்றினேன். ஆயிலில் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம், சூடானதும் உள்ளே குடித்த ஆயிலைக் கக்கும். ஐந்து மாதத்தில் மறுபடி அதே பக்கம், அதே ஊறல். சீல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொரு கம்பெனி சீல் போட்டேன். அதுவும் போனது.

மூன்றாவது முறை சீலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஹவுசிங்கின் மேல் முதுகில் ஒரு சின்னத் தொப்பியைப் பார்த்தேன். பட்டாணி அளவில் ஒரு குமிழ். அதைத் தொட்டால் ஆட வேண்டும். ஆடவில்லை. முன்பு யாரோ டிங்கர் வேலை முடித்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள், அதற்கு மேல் பத்து வருஷச் சேறு.

அதுதான் பிரீதர், ஹவுசிங்கின் மூக்கு. மலை ஏறி இறங்கும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும். வெளியேற வழி அடைபட்டால் அழுத்தம் வேறு வழி தேடும். கிடைக்கும் பலவீனமான இடம் ஆயில் சீலின் உதடு. அந்த வழியே ஆயில் டிரம்முக்குள் போகும். தலைகீழாகவும் நடக்கும்: சூடான ஹவுசிங்கோடு ஓடையில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். சந்தேகப்பட்டு டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினேன். பால் ஊற்றிய காபி நிறம்.

இதற்கு நான் செய்ததுதான் இந்த வண்டியில் செய்த மிக மலிவான, மிகப் பயனுள்ள மேம்பாடு. குமிழைக் கழற்றி, அதே திருகு மறைக்குப் பொருந்தும் பித்தளை நிப்பிள் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினேன். ஆயில் தாங்கும் ஹோஸ், அப்போது மீட்டர் அறுபது ரூபாய். சேஸிஸ் வழியாக மேலே கொண்டுபோய், இன்ஜின் அறையின் பின்சுவரில் உயரமாக ஒரு கிளிப், முனையில் சின்ன டீசல் ஃபில்டர் ஒன்று, தூசி நுழையாமல் இருக்க. முன் ஹவுசிங்குக்கும் அப்படியே. முதல் தடவை ஹோஸை அளந்து கச்சிதமாக வெட்டி அசடு வழிந்தேன். கல்லில் ஏறி ஹவுசிங் கீழே தொங்கியபோது அறுந்துபோனது. ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு முழம் தளர்வு விட வேண்டும். இதைச் செய்த பிறகு போட்ட ஆயில் சீல் இன்றைக்கும் கசியவில்லை.

ஆயில் என்றதும் இன்னொன்று. டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஜி.எல். 5 ரக கியர் ஆயிலை மிச்சமிருக்கிறதே என்று பழைய கியர்பாக்ஸில் ஊற்றக்கூடாது. அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4, அதே 90 தடிமன்.

பிரேக் ஆயிலை யாரும் மாற்றுவதில்லை, குறைந்தால் ஊற்றுவதோடு சரி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் டிரம் கொதிக்கும்போது உள்ளே ஆவி கட்டி, பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுவதும் இறக்கி மாற்றுகிறேன். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துக் காற்று எடுக்க வேண்டும். மிதிக்கிற வேலை என் மகளுடையது. "மிதிக்கவாப்பா, விடவாப்பா?" என்று கையில் கதைப் புத்தகத்தோடு கேட்பாள். ஒரு தடவை நான் நட்டை இறுக்கும் முன் விட்டுவிட்டாள், காற்று உள்ளே போய்விட்டது, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு, நான் "விடு" என்று சொல்லும் வரை காலை எடுக்கமாட்டாள்.

கரண்ட் வேலை பலருக்கும் பயம், ஆனால் அதுதான் கை அழுக்காகாமல் பலன் தருவது. ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று அதிக வாட் பல்பு போடத்தான் முதலில் கை போகும். நான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பின் முனையில் 10.8. மூன்று வோல்ட்டை வயரும் சுவிட்சும் தின்றுவிட்டன. இரண்டு பல்புகளுக்குமான பத்து ஆம்பியரும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது, அதனால்தான் சுவிட்ச் சுடுகிறது. பேட்டரியிலிருந்து தனி வயர், ஃபியூஸ், சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே இரண்டு. சுவிட்சுக்கு இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும். எர்த் வயரைத் துருப்பிடித்த பாடியில் விடாமல் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோனேன். அதே பழைய பல்பு, அதே கண்ணாடி, போடிமெட்டு மஞ்சில் வளைவின் ஓரக்கல் தெரிந்தது. எல்.இ.டி. பட்டை விளக்கு மாட்டுகிறவர்கள் மஞ்சில் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும், எதிரே வெள்ளைச் சுவர்தான்.

வெல்டிங் வைக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள். டைனமோவுக்குள் இருக்கும் டயோடு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புதிய ஸ்கார்ப்பியோ இன்ஜின் வைக்கச் சொல்லி ஒருவர் ஆசை காட்டினார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2018-இல் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது, அதனால் 2023-இல் ஐயாயிரம் கட்டினேன். சோதனை செய்தவர் டயரைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், பிரேக் மிதிக்கச் சொன்னார். முன்னால் நான் ஆசையாக மாட்டியிருந்த இரும்புக் கம்பிக் கூண்டை முந்தின வாரமே கழற்றி வைத்திருந்தேன். கூண்டு மோதலின் அதிர்ச்சியை நேராக சேஸிஸுக்குக் கொடுக்கும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது இப்போது அவரைப் பந்தலுக்கு முட்டாக நிற்கிறது.

கடைசியில் வண்டியில் நான் கூடுதலாகச் சேர்த்தது மிகக் கொஞ்சம். பிரீதர் ஹோஸ், ரிலே, மூன்று முனை சீட் பெல்ட், பெடலை மிதிக்க வெற்றிடத்தால் உதவும் பிரேக் பூஸ்டர். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல வெற்றிடம் தானாகக் கிடைக்காது. டைனமோவின் முதுகில் வாக்குவம் பம்ப் இருந்தால்தான் பூஸ்டர் வேலை செய்யும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும்: இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டர் உதவும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். போன மார்கழியில் இடது பின்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். மடக்கென்று சத்தம், நட்டு கழன்றது என்று நினைத்தேன். நட்டு ஏறும் ஸ்டட் முறிந்திருந்தது. என் ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மறை தலைகீழ், வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். எல்லா ஜீப்பிலும் அப்படி இல்லை, ஆனால் என்னுடையதில் அப்படி. பத்து வருஷமாகத் தெரிந்ததுதான், அன்று அவசரத்தில் மறந்துபோனது. இப்போது இடது பக்க ரிம் இரண்டிலும் ஒரு அம்புக்குறி வரைந்திருக்கிறேன். மகள் சிவப்பு நெயில் பாலிஷ் கொடுத்தாள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அடியில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன், ஞாயிறு காலையில் எடுத்துப் பார்ப்பேன். போன வாரம் ஐந்து சொட்டு, அதில் ஒன்று ஹேண்ட் பிரேக் டிரம் பக்கத்திலிருந்து. உள்ளே ஷூ நனைவதற்குள் கழற்றிப் பார்க்க வேண்டும். சீல் வாங்கி வைத்துவிட்டேன், வேப்பங்கட்டை இரண்டும் வாசலில் கிடக்கின்றன.